தலையெழுத்தா? ஓலையெழுத்தா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது அடைபடாமல் ஒரே எஜமானனிடம் வருஷக்கணக்காய்க் கட்டுண்டு கிடக்கும் ஒரு கூலிக்காரரைக் கண்டால், "ஏனப்பா இந்தக் கதி?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் தலையெழுத்து, ஐயா" என்பார். எழுதியது யார்? பிரம்மாவாம்! அவர் எழுதியதைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால், மனிதனை மனிதன் அடிமையாக எழுதி வாங்கிய எழுத்துக்களோ கல்லிலும் ஓலையிலும் ஏராளமாய் இருக்கின்றன.

திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். 1201-ம் வருஷம், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம். பஞ்சத்தில் பிழைக்க வழியின்றி ஒரு வேளாளரும் அவருடைய பெண்கள் இருவரும் 110 காசுக்குத் தங்களையே அக்கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். பசித்து வந்தவர்களுக்குக் கருணாமூர்த்தியின் வீட்டில் கிடைத்தது சோறா, அடிமைச் சாசனமா?

சாமி பேரால் நடந்தது இப்படியென்றால், வியாபாரத்தின் பேரால் நடந்தது என்ன? 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் சண்டையும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, டச்சுக் கம்பெனியார் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் ஆயிரக்கணக்கான ஜனங்களை விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் கப்பலேற்றினார்கள்.

நிற்க, ஒழித்த கதையையும் கேளுங்கள். 1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு. அடிமைகளுக்கு ஒரு காசுமில்லை. கம்பெனி ஆண்ட நம் நாட்டுக்கோ அந்தச் சட்டமே கிடையாது. 1843-ம் வருஷத்து 5-வது சட்டம், அடிமைப் பாத்தியதையைக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளாது என்றதே தவிர, அடிமை வைத்திருந்தவனைத் தண்டிக்கவில்லை. அடிமை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862-ல் பீனல் கோடு அமுலுக்கு வந்த பிறகே. அப்பொழுதாவது ஒழிந்ததா? அடிமை ஓலை போய்க் கடன் பத்திரம் வந்தது. பண்ணையாள், படியாள் என்ற பேர் நின்றது. தகப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைத்தான்.

கடைசியாக 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இதன்படி, முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைத்தால் அந்தக் கடன் செத்த கடன்; அதை வசூலிக்க எவனுக்கும் பாத்தியதையில்லை. பிடித்து வைத்தவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம்.

"வாங்கிய கடனைக் கொடுப்பதுதானே நாணயம்?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். குறைந்த கூலி கொடுத்து, கணக்குப் புஸ்தகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, வேறிடம் போகவும் விடாதவனுக்கு நாணயத்தைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டா? அவன் கொடுத்த பணத்தை அந்த ஏழையின் உழைப்பு எத்தனை முறை அடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், அன்றைய வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகளோடு 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு கிழவர் விழுந்தார். பத்திரிகைகள் படம் போட்டன, படித்தவர்கள் உருகினார்கள். நாம் கேட்கிறோம்: அவர் ஏன் விழ வேண்டும்? 1976-லேயே அவருக்குச் சொந்தமாகிவிட்ட விடுதலையை 43 வருஷம் கழித்துக் கொண்டுவந்த சர்க்கார் அல்லவா தலைகுனிய வேண்டும்? அவரைப் பிடித்து வைத்தவன் எஜமானன். காலில் விழப் பழக்கியதோ விதி, கர்மம், முற்பிறப்பு என்னும் புரட்டு.

வாலிபர்களே! உங்கள் கைத்தொலைபேசியில் காலை எழுந்ததும் ராசிபலன் பார்க்கிறீர்கள். அதே கருவியில் கல்வெட்டு அறிக்கைகளும் அந்த 1976-ம் வருஷத்துச் சட்டமும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. படியுங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் முன்பணத்துக்குக் கட்டுண்டவர் இருந்தால், கலெக்டருக்கோ ரெவினியூ டிவிஷனல் ஆபீசருக்கோ மனு எழுதிக் கொடுங்கள். விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பிரம்மா எழுதியிருந்தால் அழிக்க முடியாது என்பார்கள். மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம்.