குதிரை பின்னால், டீசல் முன்னால்: அமெரிக்க பிக்கப் சந்தையில் என்னதான் நடக்குது?

அந்த ரீல்ஸ் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். டெக்சாஸ் பக்கம் ஏதோ ஒரு நெடுஞ்சாலை. ஆள் உயரத்துக்கு முன்பக்க கிரில் வைத்த ஒரு பிக்கப் டிரக் உறுமிக்கொண்டு வந்து நிற்கும். பின்னால் சின்ன வீடு சைஸில் ஒரு டிரெய்லர். கதவைத் திறந்தால், பளபளன்னு ஒரு குதிரை இறங்கி வரும். கீழே கமென்ட்டில் பாதிப் பேர் குதிரையைப் பற்றிப் பேச மாட்டார்கள். ‘ப்ரோ, அது டீசலா?’ என்பதுதான் கேள்வி.

நம்ம ஊரில் குதிரை லாரியில் போகும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டியின் முதுகிலேயே ஏற்றிக் கட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. குதிரை வைத்திருக்கும் குடும்பம் பெரும்பாலும் சொந்த பிக்கப்பில், தனி டிரெய்லரை மாட்டித்தான் இழுத்துப் போகிறது. போட்டிக்குப் போக, கால்நடை மருத்துவமனைக்குப் போக, கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் காட்டுத்தீ வந்தால் தப்பி ஓட... எல்லாத்துக்கும் அதே டிரக்தான். அதனால் ‘எந்த டிரக் வாங்குவது?’ என்பது அவர்களுக்கு ஸ்டைல் சமாச்சாரம் கிடையாது. கடந்த சில வருடங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ரொம்பவே கஷ்டமாகிவிட்டது. ஏன்னு பார்ப்போம்.

நடுவுல இருந்ததைக் காணோம்

அமெரிக்க பிக்கப்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரிப்பார்கள். இதெல்லாம் தாத்தா காலத்துப் பெயர்கள். இன்றைய அரை டன் டிரக் அரை டன்னுக்கு மேலேயே சுமக்கும். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் அரை டன். எஃப்-250, 2500 என்று தொடங்கினால் முக்கால் டன். எஃப்-350, 3500 என்றால் ஒரு டன்.

இரண்டு குதிரை வைத்திருக்கும் ஒரு சராசரிக் குடும்பத்துக்குப் பொருத்தமான ஒரு நடு வழி இருந்தது: அரை டன் டிரக்கில் சின்ன டீசல் இன்ஜின். ஃபோர்டு அதை 2021-ல் நிறுத்தியது. ராம் 2023 தொடக்கத்தில் நிறுத்தியது. இப்போதைக்கு ஜெனரல் மோட்டார்ஸின் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் மட்டும் மிச்சம். 305 குதிரைத்திறன், 495 பவுண்டு-அடி டார்க். அமைதியான, நல்ல இன்ஜின்.

‘அதான் எலெக்ட்ரிக் வந்துடுச்சே’ என்று கேட்பீங்க. வந்தது, பாதியில் திரும்பியும் போகிறது. 2022-ல் ஏகப்பட்ட ஆரவாரத்தோடு வந்த எஃப்-150 லைட்னிங்கை, முழு எலெக்ட்ரிக் வடிவில் இனி தயாரிக்கப்போவதில்லை என்று 2025 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்தது. அடுத்த லைட்னிங்கில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்குமாம். ராம் நிறுவனம் தன் முழு எலெக்ட்ரிக் பிக்கப் திட்டத்தை அதற்கு மூன்று மாதம் முன்பே கைவிட்டுவிட்டது.

எலெக்ட்ரிக் மோட்டாருக்கு இழுக்கும் பலம் இல்லாமல் இல்லை. நின்ற இடத்திலிருந்து இழுப்பதில் டீசலையே தூக்கிச் சாப்பிடும். பிரச்னை வேற இடத்தில். டிரெய்லரை மாட்டினால் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகிவிடும். சரி, சார்ஜ் போட நிறுத்தலாம் என்றால், பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் பார்க்கிங் போல, ஒரு பக்கம் நுழைந்து நிற்கும்படி கட்டப்பட்டவை. டிரெய்லரோடு நுழைய முடியாது. படகு இழுப்பவர் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். உள்ளே உயிரோடு இரண்டு குதிரைகள் நிற்கும்போது அதைச் செய்யவே முடியாது. டிரக்கிலிருந்து கழற்றிய டிரெய்லருக்குள் குதிரையை விடுவது ஆபத்து. அது கொஞ்சம் நகர்ந்தாலே டிரெய்லர் சாயலாம், உருளலாம். இறக்கிக் கட்டலாம் என்றால், நெடுஞ்சாலை ஓரத்தில் மிரண்ட குதிரையை யார் பிடிப்பது?

ஆக, நடுவில் இருந்தது போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு பக்கம் பெட்ரோல் அரை டன், இன்னொரு பக்கம் ராட்சத டீசல்கள். இந்த இடத்தில்தான் பலரும் ‘எதுக்கு வம்பு, பெரிசாவே வாங்கிடுவோம்’ என்று முடிவெடுக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருப்பது வேற, கதவில் இருப்பது வேற

அந்த ராட்சதர்களின் எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், உச்ச வடிவத்தில் 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி டார்க். ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 1,075. ஜி.எம்-மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 975. விளம்பரங்கள் இந்தச் சண்டையைத்தான் காட்டும். இரண்டு குதிரை இழுக்க இதில் பாதி போதும்.

நீங்கள் பார்க்கவேண்டிய எண் விளம்பரத்தில் இருக்காது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், நிலைச் சட்டத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ‘ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது’ என்று அதில் போட்டிருக்கும். இதைத்தான் பேலோடு என்கிறார்கள். இழுவைத் திறன் என்பது பின்னால் உருண்டு வரும் எடை. பேலோடு என்பது டிரக்கின் முதுகில் ஏறும் எடை. டிரெய்லர் சும்மா பின்னால் உருண்டு மட்டும் வராது. தன் எடையில் ஒரு பங்கை டிரக்கின் மேல் சாய்த்துக்கொண்டேதான் வரும்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு குதிரை டிரெய்லர், காலியாக 1,500 கிலோ என்று வைப்போம். ஆளுக்கு 500 கிலோ என்று இரண்டு குதிரைகள். சேணம், தீவனம், தண்ணீர் எல்லாம் 200 கிலோ. மொத்தம் 2,700 கிலோ. பம்பருக்குக் கீழே கொக்கி மாட்டும் வகை டிரெய்லர் என்றால் அதில் 10 முதல் 15 சதவிகிதம், அதாவது 270 முதல் 400 கிலோ, டிரக்கின் மேல் இறங்கும். நான்கு பேர் குடும்பம், ஒரு நாய், பின் தொட்டியில் நாலு மூட்டை வைக்கோல் என்று சேர்த்தால் 700 கிலோவைத் தொட்டுவிடும். பல அரை டன் டிரக்குகளில் பேலோடு முடியும் இடமே அங்கேதான். ‘5 டன் இழுக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர், மூன்று டன்கூட இழுக்காமலேயே வரம்பைத் தொட்டுவிடுவார். ஆனாலும் கவனமாக இருந்தால் நல்ல பெட்ரோல் அரை டன்னே இந்த வேலையைச் செய்துவிடும். அதுவும் உண்மை.

அடுத்தது கூஸ்நெக். டிரக்கின் பின் தொட்டிக்குள், அச்சுக்கு மேலேயே மாட்டும் டிரெய்லர். மூன்று குதிரை, முன்பக்கம் படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்தது என்றால் மொத்தம் 6,500 கிலோவுக்கு வரலாம். இதில் 20 முதல் 25 சதவிகிதம் டிரக்கின் மேல் இறங்கும். 1,300 முதல் 1,600 கிலோ! ‘அதுக்குத்தானே முக்கால் டன் டீசல்’ என்று வாங்குவார்கள். இங்கேதான் பெரிய வேடிக்கை. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட நல்ல கனம். பல முக்கால் டன் டிரக்குகளின் மொத்த எடை வரம்போ 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோவை ஒட்டியே நிற்கும். இன்ஜின் கனம் கூடினால் அந்த அளவுக்குப் பேலோடு குறையும். நாலு கதவு, நாலு சக்கர இழுவை, தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று ஏற்ற ஏற்ற, 1,000 கிலோ சுமப்பதே சில டிரக்குகளுக்குச் சிரமமாகிவிடும். அதே டிரக்கின் பெட்ரோல் வடிவம் அதைவிட அதிகம் சுமக்கும். இந்த வேலைக்கு ஒரு டன் டிரக் வேண்டும், முடிந்தால் பின்னால் இரட்டைச் சக்கரத்தோடு. ஷோரூமில் இதைத் தானாக முன்வந்து சொல்லும் விற்பனையாளர் அபூர்வம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் விஷயம்

அப்படின்னா டீசல் வெறும் பந்தாவா? இல்லை. அரிசோனாவில் டேவிஸ் அணை ஏற்றம் என்று ஒரு சாலை இருக்கிறது. 11.4 மைல் நீளத்துக்கு மூச்சு முட்ட ஏறும். டிரக்குகளின் இழுவைத் திறனை அளக்கும் ஜே2807 என்ற பொறியியல் தரநிலை, இந்த ஏற்றத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. வெயிலில், ஏ.சி-யை முழு வேகத்தில் ஓடவிட்டு ஏற வேண்டும். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் திணறும். டர்போ டீசல் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

ஆனால் குதிரைக்கு முக்கியம் இறக்கம். டிரெய்லருக்குள் நிற்பது பிடித்துக்கொள்ளக் கை இல்லாத அரை டன் உயிர். திடீர் பிரேக் போட்டால் நெஞ்சு முட்டும், கால் சறுக்கும். அடுத்த முறை டிரெய்லரைப் பார்த்தாலே ஏற மறுக்கும். டீசல் பிக்கப்களில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று இருக்கிறது. டர்போவின் இறக்கைகளை நெருக்கி, வெளியேறும் புகையைத் தடுத்து, இன்ஜினையே வேகத்தடையாக்கும். ஏழு சதவிகிதச் சரிவிலும் பிரேக் பெடலைப் பெரிதாகத் தொடாமல், பிரேக் சூடாகிச் செயலிழக்கும் பயமில்லாமல், ஒரே சீராக இறங்கலாம். என்னைக் கேட்டால், குதிரைக்காரர் டீசலுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். மற்றதெல்லாம் கொசுறு.

பாதி வழியில் ‘வேகம் குறைக்கப்படும்’

டீசலின் தலைவலி அதன் புகைக்குழாயில் இருக்கிறது. யூரியா 32.5 சதவிகிதம் கலந்த டி.இ.எஃப் என்ற திரவத்தைப் புகையில் பீய்ச்சித்தான் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கிறார்கள். திரவம் தீர்ந்தாலோ, அதை அளக்கும் சென்ஸார் கெட்டாலோ, டிரக் தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும். சில வாகனங்களில் மணிக்கு 5 மைல் வரைகூட. தனியாகப் போனால் எரிச்சல், அவ்வளவுதான். அரிசோனா வெயிலில், பின்னால் இரண்டு குதிரைகளோடு என்றால்? நின்றுவிட்ட டிரெய்லர் சீக்கிரமே அடுப்பாகிவிடும்.

விவசாயிகளும் லாரிக்காரர்களும் வருடக்கணக்காகக் கத்திய பிறகு, 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இறங்கிவந்தது. 2027 மாடல் முதல் புதிய டீசல் வாகனங்கள், டி.இ.எஃப் தீர்ந்ததும் திடீரெனக் கடுமையாகச் சக்தி இழக்காதபடி வடிவமைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே ஓடும் வாகனங்களுக்கும் மென்பொருளை மாற்றும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. குதிரைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமான மாற்றம்.

ஆனால் ‘அப்போ அந்தக் கருவியையே கழற்றிடலாமே’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். ‘டெலீட்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயர் வேறு. பத்து வருடங்களில் 5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் இதைச் செய்திருக்கிறார்கள் என்று அதே முகமை 2020-ல் மதிப்பிட்டது. நிறுவனங்களும் உத்தமர்கள் இல்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் டிரக்குகளின் இன்ஜினில் புகைச் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்தது என்ற குற்றச்சாட்டில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. கழற்றிய டிரக் பழைய விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஒதுங்கிவிடுவதே நல்லது. சட்டப்படி அது தவறு, வாரன்ட்டியும் போச்சு. அந்தப் புகை நேராகப் பின்னால் வரும் டிரெய்லர் ஜன்னலுக்குத்தான் போகும்.

இன்னொன்று: டீசலுக்கு நீண்ட தூரம் வேண்டும். புகைக்கரி வடிகட்டி, நன்றாகச் சூடானால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வாரம் முழுக்க பிள்ளையை ஸ்கூலில் விட மூணு கிலோமீட்டர், வருடத்தில் ஐந்து நாள் மட்டும் குதிரை என்றால் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு உங்களைப் படுத்தி எடுக்கும்.

காசு விஷயத்துக்கு வருவோம்

பெரிய டிரக்கில் டீசல் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 10,000 டாலர் கூடுதல். ஒரு உத்தேசக் கணக்கு பாருங்க. வருடத்துக்கு 5,000 மைல் டிரெய்லர் இழுக்கிறீர்கள். பெட்ரோல் கேலனுக்கு 8 மைல், டீசல் 11 மைல் கொடுக்கிறது. பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.70 என்று வைத்தால், வருடத்துக்கு மிச்சமாவது சுமார் 320 டாலர். அந்தப் பத்தாயிரத்தைத் திரும்ப எடுக்க 30 வருடத்துக்கு மேல் ஆகும். டிரெய்லர் இல்லாத ஓட்டத்தையும், டீசலின் நல்ல மறுவிற்பனை விலையையும் சேர்த்தால் இது குறையும். ஆனால் டீசல் விலை 2022 ஜூனில் கேலனுக்கு 5.80 டாலரைத் தாண்டியதையும் மறக்கக் கூடாது. எரிபொருள் மிச்சத்துக்காக டீசல் என்ற வாதம், வாரா வாரம் நீண்ட தூரம் ஓடுபவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

இதில் புதுசா ஒரு வரிச் சலுகையும் நுழைந்திருக்கிறது. 2025 முதல் 2028 வரை, புது வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருமான வரம்பு உண்டு. வாகனத்தின் இறுதி அசெம்பிளி அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும். ‘அமெரிக்கன் டிரக்’ என்று கொண்டாடப்படும் ராம் 2500 அசெம்பிளி ஆவது மெக்ஸிகோவின் சால்டியோவில். ஃபோர்டு எஃப்-250 கென்டக்கியில். ஜி.எம் டிரக் என்றால் சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்ஸிகோ.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ, அக்காவோ ‘குதிரை வாங்கியாச்சு, டிரக் பாக்கணும்’ என்று போன் செய்தால், முதலில் டிரெய்லரை முடிவு செய்யச் சொல்லுங்க. இரண்டு குதிரை, சமவெளி, மாதம் ஒருமுறை என்றால் பெட்ரோல் போதும். கூஸ்நெக், மலை, வாராவாரம் என்றால் ஒரு டன் டீசல். முக்கால் டன் டீசல்தான் ஆசை என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்த மஞ்சள் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வாங்கிய பிறகு குதிரைகளை ஏற்றி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடை மேடையில் ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்க. சில டாலர்தான் ஆகும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்றுக்கும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள்.