ஆடு வைத்திருப்பவரே சங்கத்தை நடத்தட்டும்: பெரம்பலூர், அரியலூர் செம்மறி வளர்ப்போரின் கோரிக்கைச் சாசனம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் செம்மறி வளர்த்துப் பிழைக்கும் நாங்கள், இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே சங்கம் அமைக்கிறோம். அதன் பொறுப்புகளையும் நாங்களே ஏற்க முன்வந்திருக்கிறோம். வியாபாரி தலைவராக இருக்கும் சங்கத்தில் ஆட்டு விலை பற்றிய பேச்சு எழாது. ஓய்வுபெற்ற அலுவலர் தலைவராக இருந்தால் துறையின்மேல் குறை எழாது. ஓட்டுக் கேட்கப் போகிறவர் தலைவரானால் தேர்தல் முடிந்ததும் சங்கமும் முடிந்தது. ஆகவே ஆடு வைத்திருப்பவர்தான் முன்னால் நிற்க வேண்டும். இந்தச் சாசனத்தின் மற்ற எல்லாக் கோரிக்கைகளும் இதிலிருந்து பிறந்தவை.

அரசுக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் வனத்துறைக்கும் கனிமவளத் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் இதை வைக்கிறோம். சில வரிகள் எங்கள் சொந்தக்காரர்களுக்கே எழுதப்பட்டவை. அவர்களுக்குப் படித்ததும் தெரியும்.

ஏன் ஒரே சங்கம்? 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. இத்தனை முறை கோடு மாறியும் மந்தை நடக்கும் வழி மாறவில்லை. பச்சைமலை அடிவாரத்தில் மேய்ந்த ஆடு மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளில் தாள் மேய்ந்தபடி கிழக்கே வரும். தை, மாசியில் கொள்ளிடக்கரைத் திருமானூர்ப் பக்கம் நெல் வயலில் கிடை போடும். ஒரு மாவட்டத்தில் போட்ட தடுப்பூசிக்கு அடுத்த மாவட்டத்தில் பதிவு கிடையாது என்றால், நோய் மட்டும் எல்லையில் நின்று கேட்டுவிட்டா வரும்?

ஏன் இந்த ஆடு? திருச்சி கறுப்பு என்றும் கருங்குறும்பை என்றும் சொல்லப்படும் எங்கள் செம்மறி, பெரம்பலூரையும் பழைய திருச்சி மாவட்டத்தையும் தாயகமாகக் கொண்டது. உடம்பு முழுக்கக் கறுப்பு, உருவில் சிறியது. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கரடான மயிர், ஆனாலும் கத்தரிக்கத்தக்க மயிர். தமிழ்நாட்டுச் சமவெளிச் செம்மறிகளில் பல, மேச்சேரி ஆடு மாதிரி, மயிர் கத்தரிக்க உதவாத இறைச்சி இனங்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகத்தின் பதிவேட்டில் கருங்குறும்பை தனி இனமாக இருக்கிறது. பட்டியில்தான் அது குறைந்துகொண்டே வருகிறது. எடைக்கு ஆசைப்பட்டு நெல்லூர்க் கிடாவையும் மேச்சேரிக் கிடாவையும் மந்தையில் விட்டவர்கள் நாங்கள்தாம். கறுப்புக் கிடா வேண்டுமென்று தேடினால் நாலு ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது.

வளர்ப்பவரே தலைமை ஏற்பது உலகில் புதிதில்லை. ஆண்டிஸ் மலையின் லாமாவும் அல்பாகாவும் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தபோது, அங்கே வாங்கி வளர்த்தவர்கள் வட்டார வாரியாகச் சங்கம் வைத்தார்கள். வம்சப் பதிவேடு எழுதினார்கள். பொறுப்பை முறைவைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு, நமக்குச் சோறு. அந்த வித்தியாசத்தை மறக்கவில்லை. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைகட்டிக் கறுப்பாட்டைப் பார்க்கலாம். அதை வளர்ப்போர் தமக்கென்று அமைப்பு வைத்துக்கொண்டார்கள், ஆடும் தேசியப் பதிவேட்டில் ஏறியது. ஐ.நா. 2024ஐ லாமா, அல்பாகா, ஒட்டகம் ஆகியவற்றுக்கான ஆண்டாக அறிவித்தது. 2026 மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு. ஆண்டு வரும், போகும். நாங்கள் கேட்பவை வேறு.

எங்களுக்கு நாங்களே வைத்துக்கொள்ளும் நிபந்தனைகள்

பொறுப்புக்கு வருகிறவர் சொந்தமாக ஆடு வைத்திருக்க வேண்டும். வியாபாரிகள் உறுப்பினராகலாம், பொறுப்பு வகிக்க முடியாது. கட்சிப் பதவி இருந்தால் அதை விட்டுவிட்டு வரவேண்டும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். நிர்வாகக் குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் ஒரு படி மேலே போகிறோம்: ஒருவர் ஒரு பொறுப்பில் ஒருமுறைதான். குழுவில் பாதிப்பேர் பெண்கள். குட்டி ஈன்ற ஆட்டைப் பார்ப்பது, தாய் இல்லாத குட்டிக்குப் பால் புகட்டுவது, பட்டி கூட்டுவது எல்லாம் பெண்கள் கையில் இருக்கும்போது, கூட்டத்துக்கு மட்டும் ஆண்கள் போவது இனி நடக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவை எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வாசிப்பதே வழி.

இதுவரை யாரும் பொறுப்புக்கு முன்வராததற்குச் சோம்பல் காரணமில்லை. தலைவராக இருப்பவர் ஆட்சியர் அலுவலகம் போய்வந்தால் ஒரு நாள் போகும். அன்றைக்கு ஆட்டை யார் ஓட்டுவது? பட்டியில் அடைத்து வைத்த ஆடு பசியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டு எவரும் சங்க வேலை பார்க்க மாட்டார். எனவே பொறுப்பாளர் சங்க வேலையாகப் போகும் நாளில் அவருடைய மந்தையை மற்ற உறுப்பினர் முறைவைத்து மேய்ப்பார்கள். இது எழுதாத உதவியாக இராது, விதியாகவே எழுதப்படும்.

அரசிடமும் இதையொட்டி ஒன்று கேட்கிறோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மந்தையை விட்டுவிட்டு வர முடியாது. மாதம் ஒருமுறை கால்நடை, வருவாய், வனம், கனிமவளம் ஆகிய நான்கு துறை அலுவலர்களும் மேய்ச்சல் வட்டாரத்துக்கே வந்து, ஆடு பட்டிக்குத் திரும்பிய பின் மாலையில் எங்களைச் சந்திக்க வேண்டும்.

மேய்ச்சலும் சுண்ணாம்புக் குழிகளும்

எங்கள் முதல் பெரிய கோரிக்கை நிலம். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, ஓடைக்கரை என்று வருவாய்க் கணக்கில் இருப்பவை நேரில் போனால் வேலியாகவும் கட்டடமாகவும் சோளக்கொல்லையாகவும் இருக்கின்றன. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒவ்வொரு ஊராட்சியின் மேய்க்கால் புறம்போக்கையும் சர்வே எண், பரப்போடு கிராமசபையில் வாசித்து, ஊராட்சிச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அரியலூரில் மேய்ச்சல் நிலம் போனதன் கதை வேறு. கடல் இருந்த இடம் இது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆலைகளை இங்கே இழுத்து வந்தது. அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் ஓடுகிறது, தனியார் ஆலைகளும் பல. ஆலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அங்கே வேலைக்குப் போகிறார்கள். கல் எடுத்து முடித்த குழியைப் பற்றித்தான் கேட்கிறோம். மழைக்குத் தண்ணீர் நிற்கும், கோடையில் சுற்றுவட்டாரத்தில் அங்கேதான் தண்ணீர் இருக்கும், ஆடு இறங்கும், செங்குத்தான கரையில் ஏறத் தெரியாமல் விழும். மேய்க்கிற பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து.

2020 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பலருக்குத் தெரியாது. சுரங்கம் தோண்டி முடித்தவர் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினமும் வளரத்தக்க நிலையில் விட வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கும்படி ஒன்றிய அரசிடம் அது சொன்னது. தீவனம் என்ற பேச்சு அந்த உத்தரவிலேயே இருக்கிறது. இரு மாவட்டங்களிலும் எத்தனை ஏக்கர் சுரங்கம் முடிந்துவிட்டது, அதில் எவ்வளவில் புல் இருக்கிறது என்று கனிமவளத் துறை ஊர்வாரியாக வெளியிட வேண்டும். ஆலைகள் வரிசையாக நட்டுப் படம் பிடித்துக் காட்டும் யூகலிப்டஸும் சவுக்கும் மேய்ச்சல் ஆகாது. கொழுக்கட்டைப் புல், வேலமரம், குடைவேல், சுபாபுல் ஆகியவற்றைக் கலந்து வைக்க வேண்டும். மூடாத குழிகளில் மூன்று பக்கம் வேலியும் ஒரு பக்கம் ஆடு இறங்கி ஏறச் சரிவான வழியும் அமைக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2015இல் திருத்திய சுரங்கச் சட்டப்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை இருக்கிறது. பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடும் கூடுதலாக அதற்குச் செலுத்துகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் அது. மேய்ச்சல் இழந்தவரைப் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேர்க்க வேண்டும். அறக்கட்டளைக் குழுவில் சங்கத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்று சுருக்கியது. சுருக்கியது மேலே தெரிந்த அளவுக்குக் கீழே தெரியவில்லை. பச்சைமலை அடிவாரத்தில் எங்கே மேயலாம், எங்கே கூடாது என்று பலகை வையுங்கள். அபராதம் போட்டால் ரசீது கொடுங்கள்.

நோய்

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமக்கு வடக்கே, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில், 1987இல். அந்த ஊர் நச்சுயிரியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் உருவாக்கியது. 2030க்குள் உலகத்திலிருந்தே இந்நோயை ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊசி இருக்கிறது, இலவசமும்கூட. ஆனால் போடுகிறவர்கள் காலை பத்து, பதினொரு மணிக்கு ஊருக்கு வந்தால் பட்டி காலியாக இருக்கும். வீட்டில் கட்டிக்கிடக்கும் வெள்ளாட்டுக்குப் போட்டுவிட்டு, ஊர் முடிந்தது என்று எழுதிப் போவார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு, பட்டியைத் திறக்குமுன் வாருங்கள். முதல் நாளே சொல்லி அனுப்பினால் ஆட்டை வரிசையில் நிறுத்திப் பிடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. நீலநாக்கு நோய்க்கு ஐந்து வகை நச்சுயிரியைத் தடுக்கும் ஊசி 2015இலேயே வந்துவிட்டது. ஐப்பசி மழையில் பூச்சி பெருகுமுன் ஆவணியிலேயே அதைப் போட்டு முடிக்க வேண்டும். துள்ளுமாரி நோய்க்கும் அப்படித்தான், புதுப்புல் முளைத்த பிறகு போடுவதில் பயனில்லை.

மருந்தடித்த கொல்லை என்று தெரியாமல் ஆடு மேய்ந்துவிடாதிருக்க, பருத்திக் கொல்லைக்கு மருந்தடிக்கும் விவசாயி வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டட்டும். இதை அரசிடம் கேட்கத் தேவையில்லை, விவசாயிகளிடமே கேட்கிறோம். அவர்கள் கொல்லைக்குக் கிடை எருவும் எங்களிடமிருந்துதானே போகிறது.

காப்பீடு பற்றி: தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 விழுக்காடுதான் என்று 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. ஒரு குடும்பம் நூறு ஆடு வரை காப்பீடு செய்யலாம். இந்தச் செய்தியைக் கால்நடை மருந்தகங்களின் வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மேய்ச்சலில் செத்த ஆட்டுக்குச் சான்று எழுத 1962 எண் கால்நடை மருத்துவ ஊர்தி அன்றைக்கே வர வேண்டும். மறுநாள் வந்தால் நாய் மிச்சம் வைத்திருக்காது. பேரிடர் நிவாரணத்தில் ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய், அதுவும் 30 ஆட்டோடு நிற்கிறது. நூறு ஆட்டையும் வெள்ளம் கொண்டுபோனவருக்கு மீதி எழுபதுக்கு என்ன பதில்? உச்சவரம்பை நூறாக உயர்த்த வேண்டும். தெருநாய் கடித்துச் சாகும் ஆட்டுக்கும் சந்தை விலையில் இழப்பீடு வேண்டும். இதற்காகத் திருப்பூர், ஈரோடு மாவட்டத்தார் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

விலையும் மயிரும்

வெள்ளிக்கிழமை வேப்பூருக்கும் சனிக்கிழமை சமயபுரத்துக்கும் வண்டி பிடித்து ஆடு கொண்டுபோகிறோம். அங்கே விலையைச் சொல்வது வியாபாரியின் கண், சில வேளை துண்டுக்குள் பிடிக்கும் விரல். கறி கிலோவுக்கு விற்கும்போது உயிராட்டுக்கு மட்டும் தராசு ஏன் இல்லை? இரு மாவட்டங்களிலும் தலா ஒரு வாரச் சந்தை ஏற்படுத்தி, அதில் உயிரெடைத் தராசு வைக்க வேண்டும். ஜெயங்கொண்டத்துக்கும் பெரம்பலூருக்கும் முதலில் கேட்கிறோம்.

மயிரைப் பற்றிப் பேராசை இல்லை. அல்பாகா மயிர் உலகச் சந்தையில் ஆடம்பரச் சரக்கு. கருங்குறும்பையின் மயிர் கரடு, கம்பளிக்கும் விரிப்புக்கும்தான் ஆகும். கத்தரிக்கும் கூலிகூட விற்கும் விலையில் தேறுவதில்லை என்பதால் பலர் வேலியோரம் கொட்டிவிடுகிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அந்த மையத்தார் இங்கே வந்து, எங்கள் மயிரைக் கம்பளிக்கும், சின்ன வெங்காய நிலத்தில் மூடாக்குக்கும், உரத்துக்கும் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லட்டும். ஆகாது என்றாலும் சொல்லட்டும்.

2024இல் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு ஆடுகளை இனவாரியாக எண்ணியது. திருச்சி கறுப்பு ஒவ்வொரு ஒன்றியத்திலும் எத்தனை என்ற எண்ணிக்கையை வெளியிட வேண்டும். அதை வைத்துத்தான் கிடாக்களைப் பிரிக்க முடியும். இரு மாவட்டத்துக்கும் சேர்த்துத் தூய கறுப்புக் கிடா வளர்க்கும் பண்ணை ஒன்றும் வேண்டும். மேச்சேரி இனத்துக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருப்பது போல இதற்கும் சொந்த மண்ணில் ஒன்று இருக்கட்டும். பண்ணை வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. உறுப்பினர் பட்டிகளில் உள்ள கறுப்புக் கிடாக்களுக்குக் காதுவில்லை போட்டு, எந்தப் பட்டியில் பிறந்தது, தாய் எது என்று சங்கமே பதிவேடு எழுதும். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடாக்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்வோம். கால்நடை பராமரிப்புத் துறை அந்தப் பதிவேட்டை ஏற்று முத்திரை வைக்க வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் கடைசிக் கோரிக்கை. எல்லாக் கோரிக்கைகளுக்கும் பதிலை எழுத்தில், தமிழில், ஒரு மாதத்துக்குள் எதிர்பார்க்கிறோம்.