கிணறும் கதவும்

வலியசாலை அக்ரகாரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். விளையாட்டுப் பாட்டும் மூன்றிலும் உண்டு. பதினாலு, பதினைந்து வயதானதும் அந்தப் பாட்டுகளுக்குள் என்ன பிணம் புதைந்திருக்கிறது என்று தோண்ட ஆரம்பிக்கிறார்கள். “ரிங்கா ரிங்கா ரோஸஸ், பிளேக்கில செத்தவாளைப் பத்தின பாட்டாக்கும். தெரியுமோ மாமா?” என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. லண்டனை பிளேக் சூறையாடியது 1665-ல். கேட் கிரீனவேயின் புத்தகத்தில் இந்தப் பாட்டு அச்சேறியது 1881-ல். கொள்ளை நோயை நாட்குறிப்பில் விரிவாக எழுதிய சாமுவேல் பீப்ஸ் இப்படியொரு பாட்டைச் சொல்லவே இல்லை. பிளேக் விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் பரவிய சரக்கு.

சரி, கட்டுக்கதைதான். ஆனால் அந்த வயதில் அது ஏன் இனிக்கிறது? பெரியவர்கள் சிரித்தபடி சொல்லிக்கொடுத்ததில் எதையோ மறைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் முளைக்கும் வயது அது. தன் பயத்துக்கும் கோபத்துக்கும் பெயர் தெரியாத பிள்ளை, கதையிலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்குகிறது.

கடன் வாங்க லண்டன் வரை போக வேண்டாம். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலி இருக்கிறாள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யிலும் தென் திருவிதாங்கூர் வில்லுப்பாட்டிலும் வருகிறவள். வழிமறிக்கும் யட்சி என்று பாதியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம்பியவனே நகைக்காக அவளைக் கொன்றான், கள்ளிச்செடி மட்டுமே சாட்சி என்ற மீதியைச் சொன்னால், பேய்க்கதை நியாயம் கேட்கும் கதையாகிவிடும்.

நல்லதங்காள் கதையும் அப்படித்தான். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். 1955-ல் சினிமாவாகவும் வந்த இந்தக் கதையில் நம் நினைவில் நிற்பது கிணறு. நினைக்க வேண்டியது கதவு. அண்ணன் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

வளரும் பிள்ளை சாவைப் பற்றிய பாட்டையோ கதையையோ திரும்பத் திரும்ப எடுத்தால், பெரும்பாலும் அது வெறும் ஆர்வம்தான். சில சமயம் அல்ல. “அச்சானியமாப் பேசாதே” என்று வாயை அடைத்தால் எதுவென்று தெரியாமலே போகும். அதுவும் கதவைச் சாத்துவதுதான். “உனக்கு அப்படி ஏதாவது தோணறதா?” என்று நேராகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பது மனநல மருத்துவர்கள் அறிந்த விஷயம். “ஆமாம்” என்று பதில் வந்தால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

கேள்வி கேட்பது எளிது. பதில் முடியும்வரை குறுக்கிடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழியும். வழியட்டும்.