கடல் தாண்டாத ஜப்பான் வீரர்கள்

பாபநாசம் கடைத்தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், "இரும்புக்கை மாயாவியைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலரும்! "கமன் ரைடரைத் தெரியுமா?" என்று கேளுங்கள். விழிப்பார்!

இருவருமே சிறுவர்களை மயக்கிய வீரர்கள்தான். மாயாவி 1962-ல் இங்கிலாந்து வாரப் பத்திரிகை ஒன்றில் பிறந்தவர். கமன் ரைடர் 1971-ல் ஜப்பான் டெலிவிஷனில் தோன்றிய முகமூடி வீரர்.

ஒருவர் தஞ்சைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். மற்றவர் வரவில்லை. என்ன காரணம்?

தமிழ் பேசிய மாயாவி

1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே மாயாவியைத் தமிழாக்கித் தந்தது. அழகான தமிழ்ப் பெயரும் சூட்டியது. சிறுவர்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். அவர் வெள்ளைக்காரர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது!

ஜப்பான் வீரர்களுக்கு அப்படி ஓர் ஆதரவு இங்கே கிடைக்கவில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

முகம் மாறியது

அமெரிக்கர்களுக்கு 1938 முதலே சூப்பர்மேன் இருந்தார். அயல்நாட்டு வீரரைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

1993-ல் அங்கே "பவர் ரேஞ்சர்ஸ்" தொடர் வந்தது. சண்டைக் காட்சிகளில் பெரும்பாலானவை முந்திய ஆண்டு வந்த ஜப்பான் தொடரில் எடுத்தவை. முகமூடி இல்லாத காட்சிகளில் மட்டும் அமெரிக்க நடிகர்கள் நடித்தார்கள். தொடர் அமோக வெற்றி! ஆனால் வீரம் ஜப்பானுடையது, முகம் அமெரிக்காவுடையது.

1995-ல் கமன் ரைடரும் இப்படியே அமெரிக்க வேடம் பூண்டார். நெடுநாள் நீடிக்கவில்லை.

கோர்ட்டில் சிக்கிய அல்ட்ராமேன்

1966-ல் தோன்றிய அல்ட்ராமேனின் கதை வேறு. ஜப்பானுக்கு வெளியே அவர் யாருக்குச் சொந்தம் என்று, 1976-ம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, தாய்லாந்துக்காரர் ஒருவர் உரிமை கொண்டாடினார். ஜப்பான் கோர்ட்டு ஒப்பந்தம் செல்லும் என்றது. தாய்லாந்து கோர்ட்டு செல்லாது என்றது! 2018-ல் அமெரிக்க கோர்ட்டு ஜப்பான் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பூட்டு திறந்தது. 2020-ல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் அல்ட்ராமேன் சித்திரக்கதையை வெளியிட்டது. 2024-ல் நெட்பிளிக்சில் முழுநீளப் படமும் வந்தது.

வண்டி வேண்டும்

ஆகவே குறை வீரர்களிடம் இல்லை. ரஜினிகாந்தின் "முத்து" 1998-ல் ஜப்பானில் சக்கைப்போடு போட்டதே! ஜப்பானியர் தமிழ் கற்றுக்கொண்டா பார்த்தார்கள்? வசனத்தைத் தங்கள் மொழியில் படித்துக்கொண்டே ரசித்தார்கள். ஜப்பானில் பிறந்த டோரேமான் பூனை இன்று தமிழ் பேசுகிறது. நம் வீட்டுக் குழந்தைகள் அதை அயலாகவே நினைப்பதில்லை.

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோவிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். களஞ்சியம் எவ்வளவு நிறைந்தால் என்ன? வண்டி கட்டினால்தானே நெல் அடுத்த ஊருக்குப் போகும்!

கதைகளுக்கு மொழிபெயர்ப்பாளரே வண்டிக்காரர். தமிழ்க் கதைகள் கடல் தாண்ட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அவரைத்தான்.