உயரமான பையன்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கோயம்புத்தூர் மாவட்டக் கூடைப்பந்துக் கழகத் தலைவர் அவர்களுக்கு,



கோடை வந்தால் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கும் நாடெங்கும் இருந்து அணிகள் நம் ஊருக்கு வருகின்றன. ராணுவ அணியும் கடற்படை அணியும் வங்கி அணிகளும் மோதுவதைப் பார்க்க, விவரம் தெரிந்த கூட்டம் வந்து உட்காருகிறது. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டிக்கும் இதே வரவேற்புதான். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது கூடைப்பந்து ஆட்டங்கள் கோவைக்கு ஒதுக்கப்பட்டன. இந்த விளையாட்டை நேசிக்கிற, அதற்குப் பணமும் உழைப்பும் கொடுக்கிற ஒரு பகுதி இது. அந்த உரிமையில்தான் ஒரு குறையை உங்கள் முன் வைக்கிறேன். நம் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் உயரமாக வளரும் பையன்களை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். பன்னிரண்டு பேர் பட்டியலில் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறோம். ஆட்டத்தில் மட்டும் இறக்குவதில்லை. வயதுவாரிப் போட்டிகளில் அவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் உறுதியான நிமிடங்கள் வேண்டும். ரொட்டேஷனில் இடம் என்பது பயிற்சியாளரின் தயவில் இருக்கக் கூடாது, விதியாகவே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

இப்போது என்ன நடக்கிறது என்று மைதானத்தில் பார்த்தால் தெரியும். பதினான்கு வயதில் ஆறடியைத் தொட்ட பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், இல்லையென்றால் ரிங்குக்குக் கீழே நட்டு வைக்கப்பட்டிருப்பான். நமது பள்ளி அணிகளுக்கு மிகவும் பிடித்தது 2-3 ஜோன் தடுப்பு. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், அந்த மூவரில் நடுவில் நிற்பவன் உயரமானவன். மூன்று வினாடிக்கு மேல் பெயிண்டுக்குள் நிற்கக் கூடாது என்ற சர்வதேச விதி பந்து வைத்திருக்கும் அணிக்குத்தான், தடுக்கும் அணிக்கு இல்லை. ஆகவே அவன் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு தடுக்கும் நேரம் முழுவதும் அங்கேயே நிற்கலாம். பதினான்கு வயது எதிரிகளுக்கு அந்தக் கைகளே போதும், ஷாட் தப்பும், ஆட்டத்தையும் ஜெயித்துவிடலாம். ஆனால் அவன் கற்றுக்கொண்டது என்ன? பக்கவாட்டில் கால் நகர்த்தி ஒரு கார்டைத் தடுத்ததில்லை. ஸ்கிரீன் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியதில்லை. ரீபவுண்ட் எடுத்ததும் பந்தை இடுப்புக்குக் கீழே இறக்குவான், அவன் தோளுயரம்கூட இல்லாத பையன் வந்து தட்டிக்கொண்டு போய்விடுவான். இரண்டு முறை அப்படி நடந்ததும் பயிற்சியாளர் கையைக் காட்டி அவனை வெளியே அழைத்துவிடுவார். பந்தை நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் நூறு முறை சொல்லியிருப்பார்கள். அதை உடம்பு ஏற்றுக்கொள்ள, பந்தைப் பறிக்க வருகிறவன் நிஜமான எதிரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் உயரமானவனின் நிலை மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது. ஒரு கார்டு தனியாகவே நிறையக் கற்றுக்கொள்ள முடியும். ஒரு பந்தும் ஒரு சுவரும் கிடைத்தால் டிரிபிளிங் பழகலாம், ஆளில்லாத மைதானத்தில் நாள் முழுக்க ஷாட் அடித்துப் பழகலாம். உயரமானவனின் வேலை மற்ற ஒன்பது பேரும் இருந்தால்தான் உண்டு. யார் ஷாட் அடிக்கிறான், பந்து எந்தப் பக்கம் தெறிக்கும், எப்போது உதவிக்குப் போவது, எப்போது தன் ஆளிடமே நிற்பது, கையை இறக்காமல் நேராக எப்படி எம்புவது, இதெல்லாம் ஆட்டத்தில் மட்டுமே பிடிபடும். ஐந்து ஃபவுலில் வெளியேற வேண்டிய விளையாட்டில், முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்குவது பெரும்பாலும் இளம் சென்டர்தான். வாங்கியதும் உட்கார வைக்கிறோம். மூன்றாவது ஃபவுலை வாங்காமல் ஆடுவது எப்படி என்று அவன் எங்கே போய்க் கற்பான்?

உடம்பும் அவனுக்கு எதிராக நிற்கிறது. பையன்களுக்கு வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொடுவது பொதுவாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில். அந்தக் காலத்தில் எலும்பு முதலில் நீளும், தசையின் பலம் பின்னால்தான் வரும். நேற்றுவரை சரியாகப் போட்ட லே-அப் இன்று கால் இடறித் தப்பும். கைகால் அவன் சொன்னபடி கேட்பதற்கு ஓரிரு வருடம் ஆகும். நம் தேர்வு முகாம்கள் அவனை எடை போடுவது சரியாக அந்த வயதில்தான். 'ஸ்லோவாக இருக்கிறான், கை சரியில்லை' என்று முடிவு கட்டுகிறோம். அப்போது அது உண்மைதான், ஆனால் பதினெட்டு வயதிலும் அது உண்மையாக இருக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஜோயல் எம்பீட் கேமரூனில் கூடைப்பந்தைத் தொட்டதே ஏறத்தாழப் பதினைந்து வயதில். 2023-இல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. நம் நாட்டு அம்ரித்பால் சிங் பஞ்சாப் கிராமத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர், பதின்ம வயது முடியும் தறுவாயில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். 2014-இல் வூகானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று வீழ்த்திய அணியில் அவர் இருந்தார். 2017-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பதினான்கு வயதுத் தேர்வை மட்டும் நம்பியிருந்தால் இந்த இருவரில் ஒருவரும் இல்லை.

உயரம் இருந்தால் போதுமா என்றால், போதாது. அதற்குச் சாட்சி சத்னம் சிங். ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் பழகி, 2010-இல் பதினான்கு வயதில் அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனவர். 2015-இல் டாலஸ் மாவரிக்ஸ் அவரை 52-வது வீரராகத் தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. கல்லூரிக் கூடைப்பந்தும் ஆடவில்லை, ஐரோப்பிய லீகும் ஆடவில்லை, நேராக அந்த உயரத்துக்குப் போனார். டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் அவருக்குக் கிடைத்தது சொற்ப நிமிடங்கள். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றில் ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் விக்டர் வெம்பன்யாமாவின் பாதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சில் நான்டேர் அணிக்காகப் பதினைந்து வயதில் பெரியவர்களோடு இறங்கினார், அதுவும் சில நிமிடங்களுக்கு. பிறகு 2021-22 பருவத்தில் ஆஸ்வெல் அணியில், முழு ஆட்டமும் இல்லாமல், ரொட்டேஷனில் ஒருவராக ஆடினார். அடுத்த வருடம் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியின் முதன்மை வீரர். 2023-இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் இடம். நிமிடங்கள் ஒவ்வொரு படியாக ஏறின. அந்தப் பையனின் திறமை யாருக்கும் வாய்க்காதது என்பது தெரிந்ததே. அவ்வளவு திறமை இருந்தும் அவரை யாரும் பெஞ்சில் வைத்துக் காத்திருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கார்டுகளையும் விங் வீரர்களையும் வளர்ப்பதில் நமக்கு ஈடு சொல்ல சில மாநிலங்களே உண்டு. உயரமானவர்கள் என்று வரும்போது பட்டியல் சுருங்கிவிடுகிறது. அரவிந்த் அண்ணாதுரையை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. இந்தியாவுக்காக உள்ளே நின்று ஆடிய தமிழ்நாட்டு வீரர் அவர். ஆனால் நம் மாநில அணியின் பெயிண்டைப் பல வருடங்கள் தாங்கியவர்களில் இன்னொருவரான ரிக்கின் பெத்தானி குஜராத்திலிருந்து வந்து, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு ஆடியவர். அவர் வந்ததில் நமக்குப் பெருமைதான். நம் ஊரில் உயரமான பையன்களே பிறப்பதில்லையா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பொள்ளாச்சியிலும் கோபியிலும் உடுமலையிலும் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். பிறக்கிறார்கள். பதினேழு வயதில் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. இடம் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது, உயரத்துக்காக ஒருவனை இறக்கினால் அவனைவிட நன்றாக ஆடும் குட்டையான பையனுக்குத் துரோகம் இல்லையா என்று கேட்பார்கள். துரோகம்தான். அதனால்தான் உயரத்துக்கு இட ஒதுக்கீடு கேட்கவில்லை. பதின்மூன்று, பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில், முதல் மூன்று பகுதிகளுக்குள் ஒவ்வொரு அணியிலும் குறைந்தது பத்து வீரர்கள் ஆளுக்கு ஒரு முழுப் பகுதியாவது, அதாவது பத்து நிமிடமாவது, ஆடியிருக்க வேண்டும் என்ற பொது விதியைத்தான் கேட்கிறேன். ஸ்பெயினில் சிறுவர்களின் மினி பாஸ்கெட் போட்டிகளில் இந்த வகை விதி நெடுங்காலமாக உண்டு. அந்த நாடு 2006-லும் 2019-லும் உலகக் கோப்பையை வென்றது. இந்த விதியால் குட்டையான பையனும் பலன் பெறுவான். அதிகப் பலன் உயரமானவனுக்கு, ஏனென்றால் இன்று வரிசையின் கடைசியில் நிற்பவன் அவன்.

ஜெயிக்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. உடற்கல்வி ஆசிரியர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. கோப்பை வந்தால்தான் நிர்வாகம் மதிக்கும், சான்றிதழ் வந்தால்தான் பையனுக்குக் கல்லூரி இடம் கிடைக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்து பேருக்குமாகச் சேர்த்து ஓர் அணிக்கு இருப்பது 200 நிமிடம். பெஞ்சில் இருக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் போவது 50. மிச்சம் 150 நிமிடமும், வெற்றி தோல்வியை முடிவு செய்யும் கடைசிப் பகுதி முழுவதும், பயிற்சியாளர் கையிலேயே இருக்கின்றன. விதி எதிரணிக்கும் பொது என்பதால் யாருக்கும் நட்டம் இல்லை. உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. குறுமையம் தொடங்கிக் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் வரை பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தோல்வியில் வருடம் முடிந்துபோகும் என்றால் எந்த ஆசிரியரும் ஆறு பேருக்கு மேல் நம்ப மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் உங்கள் கையில் இல்லை. மாவட்டக் கழகம் நடத்தும் வயதுவாரிப் போட்டிகள் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றையாவது குழுக்களாகப் பிரித்து லீக் முறையில் நடத்தலாம்.

உயரமானவர்களின் காலமே முடிந்துவிட்டது, இனி எல்லாம் மூன்று புள்ளி ஷாட்தான் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுகள் என்.பி.ஏ.வின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர்கள் யானிஸ், யோகிச், எம்பீட் என்ற மூவர் மட்டுமே. மூவரும் ஏறத்தாழ ஏழடிக்காரர்கள். முடிந்துபோனது அசையாமல் நிற்கும் சென்டரின் காலம். யோகிச் பந்தைப் பகிர்வதைப் பார்த்தவர்களுக்கு, உயரமானவனிடம் இன்று எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரியும். நாமோ 2-3 ஜோனின் நடுவில், காலாவதியான அந்த சென்டரையே இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே அந்தப் பதின்மூன்று, பதினாறு வயதுப் பிரிவுகளிலும் ஜோன் தடுப்பைத் தடை செய்யுங்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். ஆளுக்கு ஆள் தடுத்தால்தான் அவன் கால் நகரும்.

வளரும் முழங்கால் தாங்குமா என்ற பெற்றோரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. சிமென்ட் தரையில் திரும்பத் திரும்ப எம்பிக் குதித்தால் முழங்கால் தசைநாணில் வலி வரும். ஆனால் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்பது அளவான சுமை. வருடம் முழுக்க உட்கார வைத்துவிட்டு, முதன்மை வீரனுக்கு அடிபட்ட அன்று முழு ஆட்டமும் ஓடச் சொல்வதுதான் ஆபத்து. பெண்கள் பிரிவுக்கும் இவையெல்லாம் அப்படியே பொருந்தும். அனிதா பால்துரை பத்மஸ்ரீ பெற்ற மாநிலத்தில் உயரமான பெண்பிள்ளைகளுக்கும் இதே பத்து நிமிடம் வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை போன்ற பெரியவர்கள் போட்டிகளுக்கு இந்த விதி வேண்டாம். அங்கே ஆடத் தெரிந்தவன் ஆடட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் கட்டாயம் தேவையில்லை, அதற்குள் அவன் தன் இடத்தைத் தானே பிடித்திருக்க வேண்டும். கீழே இருக்கும் இரண்டு பிரிவுகளில் மட்டும், இரண்டே வருடம் சோதித்துப் பாருங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் அலுவலகத்திலேயே ஆதாரம் இருக்கும். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய கட்டம் உண்டு. அவர் முதல்முறை களத்தில் இறங்கும்போது ஸ்கோரர் அதில் பெருக்கல் குறி போடுவார். இறங்காதவரின் கட்டம் காலியாக இருக்கும். கடந்த மாவட்டப் போட்டிகளின் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து, காலிக் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களுக்கு நேராகப் பையன்களின் உயரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் வைத்து, அதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மரியாதையுடன்,
கூடைப்பந்து ஆர்வலர் ஒருவர்,
கோயம்புத்தூர்.