அட்வான்சே 10 மாத வாடகை! கூடுவாஞ்சேரியில் விழிபிதுங்கும் ஆராய்ச்சி மாணவர்கள்

கூடுவாஞ்சேரி:

தாம்பரத்தைத் தாண்டினால் வாடகை குறையும் என்பது பழைய கணக்கு. அதை நம்பி கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு இறங்கும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்கள் முதல் நாளே திணறிப் போகிறார்கள். அவர்களை மிரட்டுவது மாத வாடகை அல்ல, அட்வான்ஸ்!

வண்டலூர் முதல் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுக கல்லூரிகள். அதற்குத் தெற்கே மறைமலைநகர் தொழிற்சாலைகள். நடுவில் உள்ள கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அதே வீடுகளுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டதும் புரோக்கர்களுக்கு இன்னொரு வசனம் கிடைத்து விட்டது: "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருக்கு சார்!"

கையில் வருவது எவ்வளவு?

நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37 ஆயிரம் ரூபாய். அவர்கள் கொஞ்சம் பேர்தான். 'கேட்' மதிப்பெண்ணுடன் எம்.இ., எம்.டெக். சேருவோருக்கு ஏ.ஐ.சி.டி.இ. தருவது 12,400 ரூபாய். பலருக்கு அதுவும் கிடையாது, ஊரில் அப்பா அனுப்பும் பணம்தான்.

வாடகை 9 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், சென்னை வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் 90 ஆயிரம். 12,400 வாங்கும் மாணவர் 7 மாத உதவித்தொகையை அப்படியே எடுத்து வைத்தாலும் பத்தாது. "அட்வான்ஸ்தானே தம்பி, போறப்ப திருப்பித் தந்துடுவோம்" என்ற வாய்ப்பேச்சோடு சரி. காலி செய்யும்போது பெயிண்ட், ரிப்பேர் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எவ்வளவோ!

ஸ்டேஷனை விட்டு உள்ளே தள்ளிப் போனால் வாடகை குறையும். ஆனால் லேப் முடித்து ராத்திரி ரெயிலில் இறங்கினால் மிச்சம் பிடித்ததை ஆட்டோ வாங்கிக் கொள்ளும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் மாணவிகள் இலவசமாகப் போகலாம். அதுவும் பஸ் ஓடும் நேரத்தில் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன வீட்டுக்கு அது 27 ஆயிரம்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டும்.

சிக்கல் இங்கேதான். படிப்பு 2 வருடமோ 5 வருடமோ, 'பேச்சுலருக்கு வீடு இல்லை' என்ற போர்டுகளைத் தாண்டி ஒரு வீடு கிடைத்ததே பெரிசு என்று மாணவர்கள் பேப்பர் கேட்பதே இல்லை. கேட்டால் வீடு கைநழுவிப் போகும் என்ற பயம். பேப்பர் இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

தனியார் விடுதிகளில் அட்வான்ஸ் தொல்லை குறைவு. மாதம் 20 ஆயிரம் ரூபாய் வரை கட்டணம், தொடர்ந்து 90 நாள் தங்கல் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024 ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. பில்லில் வரி சேர்த்திருந்தால் தைரியமாகக் கேட்கலாம். பெண்கள் விடுதி என்றால் 2014-ம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

வீடுதான் வேண்டும் என்பவர்கள் அட்வான்சை கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புவது நல்லது. சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், சுவிட்சு எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து வைக்கலாம். 90 ஆயிரம் ரூபாய்க்கு சாட்சி அதுதான்.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சேர்க்கை நாளிலேயே ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தை மாணவர் கையில் கொடுத்தால் என்ன? செலவு ஒரு தாள்தான்!