நீமோ எங்கே பிறந்தது?

குட்டீஸ்! நம்ம செஞ்சியில் கோட்டை இருக்கிறது, மலை இருக்கிறது, குளம் இருக்கிறது. கடல்தான் இல்லை. அலையைப் பார்க்க வேண்டுமானால் திண்டிவனம் தாண்டி மரக்காணம் வரை, 60 கி.மீ.க்கும் மேலே போக வேண்டும். ஆனாலும், 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கும் ஒரு நீமோ வாங்கித் தாங்க!" என்று அடம்பிடிக்கும் சுட்டிகள் இங்கேயும் உண்டு.

உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது உலகம் முழுவதும் பலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு. சிறு வயதில் ஆரம்பித்து, தாத்தா ஆன பிறகும் விடாதவர்கள் இருக்கிறார்கள். செஞ்சியிலும் வளர்க்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால், கடலில் பிடித்த மீன் வேண்டாம். பண்ணையில் பிறந்த மீன் மட்டும் போதும்.

கப்பி, மோலி போன்ற நல்ல தண்ணீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன் கதையே வேறு. கடையில் பளபளக்கும் மீன்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து நேராகப் பிடித்து வரப்பட்டவை. எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? சிலர் கைவலை வீசிப் பொறுமையாகப் பிடிப்பார்கள். அது பரவாயில்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில் ஒரு கொடிய பழக்கம் தொடங்கியது. சயனைடு விஷத்தைத் தண்ணீரில் கரைத்து, பவள இடுக்குகளில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கியதும் அள்ளிக்கொள்வார்கள். விஷம் பட்ட பவளம் செத்துப்போகும். பிடிபட்ட மீன்களிலும் பல, தொட்டிக்கு வந்த பிறகு இறந்துவிடும். அங்கே அது சட்டப்படி குற்றம்தான். இருந்தும் முற்றாக ஒழியவில்லை.

விஷம் இல்லாமல் பிடித்தாலும் சில மீன்களை எடுக்கவே கூடாது. 'துப்புரவு மீன்' என்று ஒன்று உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். மற்ற மீன்களின் உடம்பில், வாய்க்குள், செவுளில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். பெரிய மீன்கள் இதனிடம் வந்து வாயைத் திறந்து காட்டி நிற்கும், பல் டாக்டரிடம் நிற்பதுபோல! ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் விஞ்ஞானிகள் சில பாறைத் திட்டுகளிலிருந்து இந்த மீன்களை மட்டும் எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வகைகளும் குறைந்தன. தொட்டியிலாவது அது சுகமாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. போதிய ஒட்டுண்ணி கிடைக்காமல் பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது.

நீமோ விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி உண்டு. நீமோ ஒரு கோமாளி மீன். அதன் உறவுக்கார மீன் ஒன்று நம் மன்னார் வளைகுடாவிலேயே வாழ்கிறது. 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆனது. கடலில் கைவைக்காமலே இந்த மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைக்கலாம் என்று நம் ஊர் விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் ஓடு வைத்தால், ஜோடி மீன்கள் அதைச் சுத்தம் செய்து சில நூறு முட்டைகள் இடும். காவல் காப்பது அப்பா வேலை! துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் போல ஆனதும், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவரும். அவற்றின் வாய் அவ்வளவு சின்னது. அதனால் நுண்ணுயிரிகளைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். படத்தில் நீமோவின் அம்மா இறந்துவிடும் அல்லவா? நிஜத்தில் அப்படி நடந்தால் அப்பாவே பெண்ணாக மாறிவிடும். இதைப் படத்தில் காட்டவில்லை!

டோரிக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த நீல மீன் முட்டைகளைத் திறந்த கடலில் மிதக்க விட்டுவிடும். குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதந்து திரியும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016-ல்தான் முதன்முதலாக அதைத் தொட்டியில் வளர்த்துக் காட்டினார்கள். ஆகவே கடையில் டோரியைப் பார்த்தால், அநேகமாக அது கடலிலிருந்து வந்ததுதான். கடல்குதிரையைக் கேட்கவே கேட்காதீர்கள். அதுவும் பவளமும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

"மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான். லட்சத்தீவின் அகத்தியில் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் நம் கடற்கரை ஊர்களுக்கும் நிறைய வர வேண்டும்.

சரி, வாங்கினால் சும்மா விடாது. 100 லிட்டர் தொட்டிக்குச் சுமார் மூன்றரை கிலோ உப்பு வேண்டும். சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்த தொட்டி உப்பே வேண்டும். மே மாதம் செஞ்சி மலைப்பாறைகள் எப்படித் தகிக்கும் என்று தெரியும்தானே? அப்போது தொட்டித் தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதும் இதுதான். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் காற்றுக்கு பேட்டரி பம்ப் வேண்டும். மீனை விடுவதற்கு முன், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இப்போது உங்களுக்குப் பத்து வயது என்றால், முப்பது வயதிலும் அதற்குச் சாப்பாடு போட நீங்கள் தயாரா?

தயார் என்றால், முதலில் ஒரு வருடம் கப்பி வளர்த்துப் பழகுங்கள். பிறகு கடைக்குப் போகும்போது, "அண்ணே, இது எங்கே பிறந்தது?" என்று கேளுங்கள். "பண்ணை மீன்தாம்பா" என்றால் எந்தப் பண்ணை என்றும் கேளுங்கள். கொஞ்சம் உலர் தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். தொட்டியில் பிறந்தது பொதுவாக உடனே ஓடிவந்து கொத்தும். ஓரமாக ஒதுங்கி நிற்கிற மீனை வாங்காதீர்கள்.